ஆடுதளத்தைக் குறுக்கே கடக்கக் கூடாது

பெப்ரவரி 4, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு. தொழிலாளர் கிளப் மண்டபத்தில் மதியத்திலிருந்து மாலைவரை சோல் என்னும் பழைய அமெரிக்க இசைக்கு ஆட்டம். வந்தவர்கள் இருபது பேர் தேறமாட்டார்கள். அதிலும் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். நான் ஆடவில்லை. எங்கள் டிஜே கீத் இன்று போட்ட இசைத்தட்டுகள் ஆடத் தகுதியற்றவை. இப்படி நடப்பது இது ஐந்தாவது மாதம். அவனுடைய ரசனை சரிந்துகொண்டு போவதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முப்பத்தைந்து வருடப் பழக்கம்.

முடிந்ததும் செயற்குழு கூடியது. செயலாளர் பிரெண்டா ஒரு யோசனை கொண்டுவந்தாள். புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் பயந்து திரும்பிப் போகிறார்களாம். அவர்களுக்கு வியாழன் மாலைகளில் ஆட்ட வகுப்பு வைக்க வேண்டுமாம். இரண்டு மாதம் நடத்திப் பார்த்து, ஏப்ரல் முதல் ஞாயிறு அவர்களைத் தளத்தில் இறக்கி, அன்று மாலையே வகுப்பு தொடர்வதா இல்லையா என்று வாக்கெடுக்கலாம் என்றாள். ஆள் சேராவிட்டால் கோடையோடு மண்டபத்தைப் பிங்கோ விளையாட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவதாகக் கிளப் சொல்லியிருக்கிறது.

நான் எதிர்த்தேன். இந்தப் பாட்டுகள் அறுபதுகளில் அமெரிக்கக் கறுப்பினத்தவர்கள் பாடி, அங்கே எடுபடாமல் கிடங்கில் கிடந்தவை. வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்கள் அவற்றைத் தேடி எடுத்து ஐம்பது வருடமாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பாடியவர்களின் ஊருக்கு வேண்டாத பாட்டு, ஆடுகிறவர்கள் படாத துயரம், அதைக் காவல் காக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நான். இவ்வளவு தூய்மையான மரபை வகுப்பு வைத்துக் கெடுக்கலாமா? சோல் என்றால் உயிர், அது உள்ளே இருக்க வேண்டும், என்னை யாரும் பழக்கவில்லை என்றேன். கீத் இருமினான்.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி தவம் என்னுடைய அகலக் கால் காற்சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள், “இஞ்சாருங்கோ, இது பழகினா வருமோ?” என்றாள்.

“வராது. உள்ளுக்குள்ள இருக்கவேணும்.”

“பிள்ளைக்கு ஒன்பது வருசம் பரதம் பழக்கினீங்கள். அவளுக்கு உள்ளுக்குள்ள இருக்கேல்லயோ?”

அது வேறு என்றேன். என்ன வேறு என்று அவள் கேட்கவில்லை. காற்சட்டையின் மற்றக் காலை இஸ்திரி போட்டாள்.

பெப்ரவரி 8, வியாழன்

தவம் இனி வியாழக்கிழமைகளில் பக்கத்து ஊர்ப் பிள்ளையார் கோயில் பஜனைக்குப் போகப் போகிறாள். நல்லது. குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே இருந்தால் மனிதர்கள் சிந்திக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

வகுப்பின் முதல் நாள். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். பதினைந்து பேர் வந்ததாகக் கீத் தொலைபேசியில் சொன்னான். சந்தோஷப்படுகிறானோ என்று சந்தேகம்.

பெப்ரவரி 15, வியாழன்

சந்தனப் பவுடர் முடிந்துவிட்டது. போன மாதம் தமிழ்க் கடையில் பெரிய டின்னாக வாங்கியது.

பெப்ரவரி 17, சனி

கிளப் செய்தித்தாளுக்குக் கட்டுரை எழுதினேன். தலைப்பு: ‘கால் கற்கலாம், உயிர் கற்க முடியாது’. முப்பது வருடம் நூலகத்தில் வேலை பார்த்தவன் எழுதிய கட்டுரை என்பது முதல் பந்தியிலேயே தெரியும். மூன்றாம் பந்திக்கு யாரும் போகமாட்டார்கள் என்பதும் தெரியும்.

வகுப்புக்காரர்கள் தளத்தில் இறங்குவதானால் நடைமுறைகளையாவது தெரிந்துகொள்ளட்டும் என்று கட்டுரையின் கீழே எழுதினேன். ஒவ்வொருவரும் தனியாக ஆட வேண்டும். சோடி கிடையாது. கைதட்டல் பாட்டுக்குள் அதற்குரிய இடத்தில் மட்டும், எல்லோரும் ஒன்றாக. கால் வழுக்கத் தரையில் தூவும் பவுடர் வாசனையற்றதாக இருக்க வேண்டும். பழைய ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கொரு இடம் உண்டு, அதில் மற்றவர் நிற்கக் கூடாது. என்னுடையது இரண்டாவது ஹீட்டருக்கு முன்னால், தரைப்பலகையில் மரக்கணு ஒன்று கறுப்புக் கண்ணாகத் தெரியும் இடம். எல்லாவற்றிலும் பெரிய குற்றம், சாப்பாடோ குடிபானமோ கையில் வைத்துக்கொண்டு தளத்தைக் குறுக்கே கடப்பது.

இந்தக் கடைசி நடைமுறையை எழுதும்போது தவம் மண்டபத்துக்கு வந்த ஒரே நாள் நினைவுக்கு வந்தது. தொண்ணூற்றி நாலு. அவள் இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடம். நாற்பது மட்டன் ரோல்ஸ் பொரித்து, தட்டில் அடுக்கி, சேலையோடு, நல்ல வேகமான பாட்டொன்றின் நடுவில், தளத்தைக் குறுக்கே நேராக என்னை நோக்கி நடந்து வந்தாள். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். யார் இது என்று கீத் கேட்டான். சாப்பாடு கொண்டுவந்த ஆள் என்றேன்.

அது பொய் அல்ல. ரோல்ஸ் எல்லாம் முடிந்துவிட்டது. அதன்பிறகு அவள் வரவில்லை. அவளுக்கு அந்த இரைச்சல் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பெப்ரவரி 22, வியாழன்

தவம் இரவு முழங்கால் நோவுக்கு எண்ணெய் போடுகிறாள். பஜனையில் விழுந்து கும்பிடுவது கூடிவிட்டது போலிருக்கிறது. சப்பாத்து தைக்கிறவனிடம் ஒரு சோடிச் சப்பாத்துக்குத் தோல் அடி போடக் கொடுத்திருக்கிறாள். கோயிலுக்குள் சப்பாத்தைக் கழற்றித்தானே வைக்க வேண்டும் என்றேன்.

“வாசல் வரைக்கும் போகவேணுமே” என்றாள்.

எண்ணெய் பாதிதான் மிச்சம். நானும் கொஞ்சம் எடுத்தேன். மருத்துவர் என்னுடைய முழங்காலைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

மார்ச் 3, ஞாயிறு

கீத்தின் முதுகு சரியில்லை என்பதால் அவனுடைய இசைத்தட்டுப் பெட்டிகளை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். பிறகு அவனுடைய மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்து எந்தத் தட்டு என்று ஆலோசனை சொன்னேன். ஆடவில்லை. தட்டு தேர்வு செய்கிறவன் ஆடக் கூடாது, நடுநிலை கெட்டுவிடும்.

தரையில் ஒரு வாசனை. வியாழக்கிழமை வகுப்புக்காரர்கள் தூவிய பவுடர். வாசனைப் பவுடரில் எண்ணெய் இருக்கும், தளம் பிசுக்கும். பிரெண்டாவிடம் முறையிட்டேன். என்ன வாசனை என்று கேட்டாள். சந்தனம் என்றேன். தனக்கு அந்த வாசனை பிடிக்கும் என்றாள். பிடிக்கிறதா இல்லையா என்பது கேள்வி அல்ல என்றேன். அறிவித்தல் ஒன்று ஒட்டச் சம்மதித்தாள். என்னையே எழுதச் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

இரவுச் சாப்பாட்டின்போது, வகுப்பில் யாரோ ஒருவர் சந்தனப் பவுடர் கொண்டுவந்து தளத்தைப் பாழாக்கியிருப்பதையும், அப்படிப்பட்டவர்களைத் தளத்தில் விடுவதை நான் ஏன் எதிர்க்கிறேன் என்பதையும் தவத்திடம் விளக்கிச் சொன்னேன். அவள் புட்டை மெல்ல மென்றாள்.

“அவைக்குத் தெரியாமல் இருந்திருக்கும்” என்றாள்.

“தெரியாதவை ஏன் வருகினம்?”

அவள் எனக்கு இன்னொரு கரண்டி கத்தரிக்காய்க் குழம்பு விட்டாள்.

மார்ச் 9, சனி

குளியலறையில் குழந்தைப் பவுடர். வாசனையற்றது. மகள் சிந்துஜாவுக்கு விசேஷமாக்கும், தாய்க்கு மட்டும் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்து லெஸ்ரரில் இருக்கும் அவளுக்குத் தொலைபேசி எடுத்து வாழ்த்துச் சொன்னேன். மகள் என்ன பவுடர் என்று கேட்டாள், சொன்னேன். பிறகு, “அப்பா, நீங்கள் அம்மாவோட கதைக்கிறனீங்களோ?” என்று கேட்டாள்.

தினமும் கதைக்கிறேன் என்றேன். நேற்றுக்கூட வகுப்புக்கு எதிரான என் வாதத்தை முழுவதுமாகச் சொன்னேன்.

மார்ச் 14, வியாழன்

அறிவித்தலைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு மாலை மண்டபத்துக்குப் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. உள்ளே போகவில்லை. வாசல் நடையில், கோட்டுகள் மாட்டும் இடத்துக்கு மேலே ஒட்டினேன். உள்ளேயிருந்து பிரெண்டா எண்ணுவது கேட்டது. கால்கள் ஒன்றாக வழுக்கும் சத்தமும் கேட்டது. நன்றாகவே வழுக்கின என்று நேர்மையாக எழுத வேண்டும். யாரோ ஒரு பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கனகாலமாகக் கேட்கவில்லை. அதாவது, அந்த மாதிரியான சிரிப்பை.

மாட்டியிருந்த கோட்டுகளில் ஒன்று பச்சைக் கம்பளிக் கோட்டு. இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். வீட்டிலும் அதே போல ஒன்று இருக்கிறது. இந்த ஊரில் பச்சைக் கோட்டுகள் அதிகம் விற்கிறார்கள், பொத்தான்களும் அதிகம் விழுகின்றன.

பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். அவள் வந்தபோது, “பஜனை எப்பிடி?” என்று கேட்டேன்.

“நல்லா இருந்தது. நீங்கள் எங்கயும் போனனீங்களோ? உங்கட தொப்பி நனைஞ்சிருக்கு.”

“இல்லை” என்றேன்.

தேத்தண்ணி போட்டாள். குடித்தோம்.

மார்ச் 19, செவ்வாய்

கட்டுரையின் இரண்டாம் பகுதியை எழுதினேன். முதலாவதைவிடக் கடுமையாக வந்திருக்கிறது. ‘வாழ்க்கையின் பிற்பகுதியில் திடீரென்று ஆட வருபவர்கள்’ பற்றி ஒரு பந்தி. எழுதியபின் அதை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். நடை நன்றாக இருந்தது. விட்டுவிட்டேன்.

மார்ச் 24, ஞாயிறு

கீத் வீட்டுக்கு வந்தான். தவம் கடைக்குப் போயிருந்தாள். இரண்டாம் பகுதியை வாசித்தானாம். தான் வகுப்புக்குச் சார்பாக வாக்களிக்கப் போவதை என்னிடம் நேரில் சொல்ல வந்தானாம்.

யாரும் என்னைப் பழக்கவில்லை என்று நான் இரண்டு தடவை அச்சில் எழுதிவிட்டேன், மூன்றாவது தடவை எழுதினால் தனக்குக் கோபம் வரும் என்றான். எண்பத்தேழு குளிர்காலம் முழுவதும் தன் தாயின் குசினியில், பாத்திரம் கழுவும் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்க, தான் கால் வைக்கச் சொல்லித் தந்ததை நினைவுபடுத்தினான். இடது காலைக் கொஞ்சம் பின்தங்க விட்டு இழுக்கும் அந்த அடி தன்னுடையது என்றான். அடுப்பு இடித்துவிடும் என்பதால்தான் அந்த அடியே அப்படிப் பிறந்தது என்றான்.

அது வகுப்பு அல்ல, உரையாடல் என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. “டில், உனக்கு அன்று கதவைத் திறந்துவிட ஒருவன் இருந்தான்” என்றான். தில்லைநாதனை இந்த ஊரில் டில் என்று சுருக்கியவனும் அவன்தான். போகும்போது வாசலில் நின்று, பிரெண்டாவின் வகுப்பைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது என்று தொடங்கினான். எனக்கு எல்லாம் தெரியும் என்றேன்.

“தெரியுமா?” என்றான்.

கதவைச் சாத்தினேன். குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

மார்ச் 28, வியாழன்

மழை. தவம் குடை கொண்டுபோகவில்லை. யாரோ காரில் கொண்டுவந்து விட்டார்கள். பிள்ளையார் பக்தர்களில் ஒருவரிடம் பிரெண்டாவினுடையதைப் போலவே கார் இருக்கிறது.

ஏப்ரல் 6, சனி

என்னுடைய காற்சட்டையை இன்று நானே இஸ்திரி போட்டேன். மேசையில் ஏற்கெனவே ஒரு நீண்ட பாவாடை கிடந்தது. சுழன்றால் விரியும் வகை. அதை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். ஆடப் போவதில்லை என்றாலும் மடிப்பு மடிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

தவம் உள்ளே வந்து பாவாடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது கேட்பேன் என்று நின்றாள் என்று நினைக்கிறேன். இஸ்திரிப்பெட்டி சூடு போதாது என்று சொன்னேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

காலையில், நான் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, தவம் வந்து, “இண்டைக்கு நானும் வெளிய போவன்” என்றாள்.

“கோயிலுக்கோ?”

“இல்லை.”

அவ்வளவுதான். அடுத்து எங்கே என்று கேட்க வேண்டியது நான். கயிற்றில் முடிச்சு விழுந்திருந்தது. அதை அவிழ்ப்பதற்குள் அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

வகுப்புக்காரர்கள் ஒன்றாக வந்தார்கள், கூட்டமாக நின்றால் பயம் குறையும் என்பதுபோல. மண்டபம் பல வருடங்களுக்குப் பிறகு நிறைந்தது. தவம் பிரெண்டாவுக்குப் பக்கத்தில் வந்தாள். தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். நான் கீத்தின் மேசைக்குப் பின்னால் தட்டுகளின் உறைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் உறைகளைப் பார்த்தேன்.

கீத் மூன்றாவதாகப் போட்டது நான் மாதக்கணக்காகப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த தட்டு. அதுவரை சுவரோரம் நின்ற தவம் தளத்தின் ஓரமாகச் சுற்றிப் போனாள், குறுக்கே கடக்கவில்லை. இரண்டாவது ஹீட்டருக்கு முன்னால், பலகையில் கறுப்புக் கண் உள்ள இடத்தில் நின்றாள். கைக்குள் வைத்திருந்த குழந்தைப் பவுடரைக் கொஞ்சம் தூவினாள். சப்பாத்தின் அடியால் தேய்த்தாள். கோலம் போடுமுன் வாசலைத் தடவிப் பார்ப்பது போல.

பழையவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இடத்துக்குரியவன் போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும், வந்தவர் விலகிக்கொள்வார். அதுதான் வழக்கம். நான் எழுந்திருக்கவில்லை. அந்தக் கதிரையிலிருந்து எழுவதற்கு மேசையைப் பிடிக்க வேண்டும், மேசை அசைந்தால் ஊசி துள்ளும். இசைத்தட்டின் நன்மை கருதி உட்கார்ந்திருந்தேன்.

அவள் ஆடினாள். பெரிய சுழற்சி எதுவும் இல்லை. வயதுக்கேற்ற ஆட்டம். கைகள் தாழ்ந்து, தோள் அசையாமல், கால்கள் மட்டும் பக்கவாட்டில் வழுக்கின. பிறகு இடது கால் கொஞ்சம் பின்தங்கி, இழுபட்டு, சேர்ந்தது. மறுபடியும் அதே. கைதட்ட வேண்டிய முதல் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டே தட்டினாள்.

கீத் குனிந்து, “அது பிரெண்டா சொல்லிக்கொடுத்த அடி இல்லை” என்றான். பிரெண்டாவுக்கு அது தெரியவே தெரியாது என்றான்.

நானும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றேன். அது உண்மை. நான் எங்கள் வீட்டுக் குசினியில் பழகும்போது அவள் எப்போதும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இஸ்திரி போடுவாள். எதிரே ஜன்னல் கண்ணாடி இருந்தது என்பதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

பாட்டு முடிந்தபோது பழையவர்கள் கைதட்டினார்கள். புதியவர்களுக்கு அவர்கள் கைதட்டி நான் பார்த்ததில்லை. நானும் தட்டியிருக்கலாம். கையில் உறை இருந்தது.

இடைவேளையில் காலிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு தேநீர் மேசையைத் தாண்டிப் போனேன். தவம் அங்கே வகுப்புத் தோழன் ஒருவனோடு நின்றாள். ஜோஷ் என்று பெயர், இறைச்சிக்கடை நடத்துகிறவன், முப்பது வயதிருக்கும். என் முதுகுப் பக்கம்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். டிஜேக்குப் பக்கத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, யார் அவர் என்று அவன் கேட்டான்.

தவம் திரும்பிப் பார்த்தாள். என்னை நன்றாகப் பார்த்தாள். பெட்டியையும் பார்த்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, சுத்தமான ஆங்கிலத்தில், பெட்டி தூக்க வருகிற ஆள் என்றாள்.

குரலில் கோபம் இல்லை. சாப்பாட்டுக்கு உப்பு போதுமா என்று கேட்பது போலத்தான் இருந்தது.

பெட்டியைக் கொண்டுபோய் வைத்தேன்.

மாலை செயற்குழுவின் வாக்கெடுப்பு. பிரெண்டா கை உயர்த்தச் சொன்னாள். வகுப்பு தொடர நாலு பேர். எதிராக ஒருவர். என் கட்டுரைகளின் வாதத்துக்கு நான் உண்மையாக இருக்க வேண்டியிருந்தது. கையை உயர்த்தும்போது கதவுக்கு வெளியே தவம் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். கண்ணாடி வழியே தெரிந்திருக்கும். இரண்டாவது பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் பிரெண்டாவின் காரில் போனாள். இடம் இருந்தது, என்னையும் கூப்பிட்டார்கள். எனக்குப் பஸ்தான் பிடிக்கும் என்றேன்.

வீட்டில் சோறு மூடி வைத்திருந்தது. அவள் சாப்பிட்டுவிட்டாள். நான் சாப்பிடும்போது எதிரே வந்து உட்கார்ந்தாள். ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்திருக்கலாம். முப்பது வருடம் புத்தகங்களுக்கிடையே இருந்தவன் நான். சொல் இல்லாமல் போகாது.

“கைதட்டு கொஞ்சம் பிந்தினது” என்றேன். “ரெண்டாவது தரம்.”

“ஓம்” என்றாள். “ரெண்டாந்தரம் நான் உங்களைப் பார்த்தனான்.”

எழுந்து கோப்பையைக் கழுவப் போனாள்.

ஏப்ரல் 11, வியாழன்

தவம் மாலையில் சப்பாத்துப் பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். இன்று கோயிலென்று சொல்லவில்லை. வேறெதையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இனி இருவரும் பொய் சொல்லத் தேவையில்லை என்பது ஒரு முன்னேற்றம்.

அவள் போனபின் குசினித் தரையில் கொஞ்சம் பவுடர் தூவினேன். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வலது கால் போனது. இடது கால் பின்தங்கியது. இழுத்தேன். வரவில்லை.

தரையைத் துடைத்துவிட்டேன். பலகையின் இடுக்குகளில் வெள்ளை இன்னும் நிற்கிறது. ஆனால் அவள் வந்து பார்த்தால் மாவு சிந்தியதாக நினைத்துக்கொள்வாள்.

ஏப்ரல் 12, வெள்ளி

அவள் அப்படி நினைத்துக்கொள்ளவில்லை. காலையில் குசினிக் கதவின் பின்னால், என் தொப்பிக்குப் பக்கத்தில், பிரெண்டாவின் வகுப்பு நோட்டீஸ் ஒன்று செருகியிருந்தது. புதியவர்களுக்கும், விட்டுப்போனவர்களுக்கும் என்று போட்டிருந்தது.

விட்டுப்போனவர்கள் யார் என்று தவத்திடம் கேட்டேன்.

“எனக்கென்ன தெரியும்? நீங்கள்தானே எல்லாம் தெரிஞ்ச ஆள்” என்றாள்.

நோட்டீஸில் இரண்டு எழுத்துப் பிழைகள். திருத்தித் திரும்பச் செருகினேன்.

மே 5, ஞாயிறு

மண்டபம் நிறைந்திருந்தது. பிங்கோக்காரர்கள் வேறு இடம் பார்க்கிறார்களாம். இரண்டாவது ஹீட்டருக்கு முன்னால் தவம். அந்த இடம் அவளுடையதென்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள்.

பெட்டிகள் மூன்று. இரண்டு தடவையாகக் கொண்டுபோய் வைத்தேன். ஜோஷ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று நன்றி சொன்னான். தளத்தைக் குறுக்கே கடக்காமல், சுவரோரமாகச் சுற்றித்தான் போனேன்.